மதிப்பெண் தாள் வீட்டுக்கு வரும் மாலை

தாளை நீட்டிவிட்டுப் பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். அங்கே நெற்றி சுருங்கினால், ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தனக்குத்தானே முடிவு கட்டிக்கொள்ளும். உளவியலாளர்கள் ஹைமோவிட்ஸ், டுவெக் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. அறிவை வளர்க்க முடியும் என்று பெற்றோர் மனத்துக்குள் நம்புவது பிள்ளைக்கு அவ்வளவாக எட்டுவதில்லை. தோல்வியைக் கண்டு அவர்கள் பதறுவது எட்டிவிடுகிறது.

ஆகவே முதலில் குளியல், சாப்பாடு. மார்க் பேச்சு பிறகு. தாத்தா பாட்டி முன்னாலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ தாளைப் பிரிக்க வேண்டாம்.

பிறகு மூன்று நிறப் பேனாக்களைக் கொடுத்துத் தவறுகளைப் பிள்ளையையே பிரிக்கச் சொல்லுங்கள். தெரிந்தும் கவனம் பிசகியவை பச்சை, கேள்வி புரியாதவை நீலம், பாடமே புரியாதவை சிவப்பு. கதைபோல வரும் பிராப்ளம் சம்மில் நீலம் நிறைய விழுந்தால் கோளாறு வாசிப்பில் இருக்கலாம். இன்னொரு கணக்கு டியூஷன் அதைத் தீர்க்காது. இருபது நிமிடம் போதும். அதைத் தாண்டினாலோ, பேனா உங்கள் கைக்கு மாறினாலோ அது விசாரணையாகிவிடும்.

சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் 45 முதல் 64 வரையிலான மதிப்பெண் எல்லாமே ‘அடைவுநிலை 6’ என்ற ஒரே தரம். 46இலிருந்து 63க்கு ஏறிய பிள்ளையின் உழைப்பு அந்த எண்ணில் தெரியாது. பழைய தாளைப் பக்கத்தில் வைத்து, எந்தக் கேள்வியில் ஏறியது என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

‘கெட்டிக்காரி’ என்ற பட்டம் அடுத்த தாள் சரிந்ததும் பறிபோகும். அதைக் காப்பாற்றக் கடினமான கணக்கையே பிள்ளை தொடாது. ‘விடையை ரெண்டாவது தடவை சரிபார்த்திருக்கே’ என்பது நிலைக்கும். முறை எதுவும் மாறாமல் ‘நல்லா முயற்சி பண்ணினே’ என்பது வெறும் ஆறுதல். பிள்ளைக்கும் அது தெரியும்.

‘அக்கா உன் வயசுல...’ என்று தொடங்காதீர்கள். பந்து விளையாடிவிட்டு வரும் பிள்ளையிடம் ‘கறுத்துப் போயிட்டே’ என்பதும் வேண்டாம்; நம் வீடுகளில் அது பாசமாகவே சொல்லப்படுகிறது, தைப்பது என்னவோ தைக்கத்தான் செய்கிறது.

கத்திவிட்டீர்களா? அன்றிரவே சொல்லுங்கள்: ‘அம்மா பயத்துல கத்திட்டேன். அது தப்பு.’ அதோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீயும்...’ என்று சேர்த்தால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும்.

தாளை ஒளித்துவைப்பது, ‘நான் முட்டாள்’ என்று அடிக்கடி சொல்வது, தூக்கம் கெடுவது ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். உங்களிடம் பேச மறுக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு சிறுவர் உதவித் தொலைபேசிச் சேவையான டிங்கிள் ஃபிரண்டின் எண்ணை, 1800 2744 788, குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். கூப்பிட்டதா என்று கேட்காதீர்கள்.