பனி தள்ளப் பழைய கார்டன் டிராக்டரா? முதலில் எஞ்சினைப் பாருங்கள்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பனி தள்ளப் பழைய கார்டன் டிராக்டர் (வீட்டுத் தோட்ட வேலைக்கான சிறிய டிராக்டர்) தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே வந்து நிற்பார்கள். ஒன்று, பழைய கப் கேடட் வண்டிகளில் வந்த ஒற்றை சிலிண்டர் கோலர் கே வரிசை. மற்றது, ஜான் டீர் 318-இல் உள்ள இரட்டை சிலிண்டர் ஓனான்.

ஓட்டுவதற்கு ஓனான்தான் சுகம். 18 குதிரைத்திறன், அதிர்வும் குறைவு. ஆனால் வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) கழன்றுகொள்வது அதன் பழைய வியாதி. உதிரிபாகம் கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும்.

என் ஓட்டு 12 குதிரைத்திறன் கோலர் கே301-க்கு. வார்ப்பிரும்பு பிளாக் என்பதால், தேய்ந்தாலும் சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். ஒரு விஷயம்: இதில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடி நுனிதான் ஆயிலை வாரித் தெளிக்கிறது. கோடையில் ஊற்றிய 30 நம்பர் ஆயில் உறைகுளிரில் கெட்டிப்படும், 5டபிள்யூ-30க்கு மாறிவிடுங்கள்.

சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் குறைவாகக் காட்டினால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எளிதாக ஸ்டார்ட் ஆக, கே301 தானே கொஞ்சம் அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனை செய்தால்தான் உண்மை தெரியும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய்ப் பாருங்கள்; சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில் உள்ள குறையை மறைத்துவிடும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.