வெஸ்டா எந்தப் பாறையால் ஆனது? சிறுகோள் நிறமாலை ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

சிறுகோள்களுக்குச் சொந்த ஒளி கிடையாது. அவற்றின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியே நம் தொலைநோக்கியை வந்தடைகிறது. திரும்பும்போது, அங்குள்ள கனிமங்கள் தத்தமக்குரிய அலைநீளங்களை விழுங்கிக்கொள்கின்றன. வந்த ஒளியிலிருந்து சூரியனின் பங்கையும் நமது வளிமண்டலத்தின் பங்கையும் நீக்கினால் மிஞ்சுவது பாறையின் கையொப்பம். அந்த நீக்கம் கணக்களவில் ஒரே ஒரு வகுத்தல்தான்: தொகுதியில் சிறுகோளின் நிறமாலை, பகுதியில் சூரியனை ஒத்த ஒரு விண்மீனின் நிறமாலை. புதியவர்கள் தொகுதிக்குக் காட்டும் அக்கறையைப் பகுதிக்குக் காட்டுவதில்லை. இக்கட்டுரையில் நான் அதிகம் வலியுறுத்தப்போவதும் அதைத்தான்.

படி 1: வெஸ்டாவிலிருந்து தொடங்குங்கள்

மெக்கார்ட், ஆடம்ஸ், ஜான்சன் ஆகிய மூவரும் 1970இல், வெஸ்டா என்ற சிறுகோளின் நிறமாலையில் 0.9 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அருகே காணப்படும் பள்ளம், அதாவது ஒளி விழுங்கப்பட்டு வரைகோடு தாழும் இடம், பைராக்சீன் கனிமத்தால் வருவது என்றும், அது எரிமலைப் பாறையை ஒத்த ஒருவகை விண்கல்லின் நிறமாலையோடு பொருந்துகிறது என்றும் காட்டினர். வெஸ்டா பிரகாசமானது, அதன் பள்ளங்கள் ஆழமானவை, 2011, 2012ஆம் ஆண்டுகளில் டான் விண்கலம் அதைச் சுற்றிவந்து ஆராய்ந்திருப்பதால் விடையும் நம் கையில் இருக்கிறது. விடை தெரிந்த கணக்கில் பழகுவதே நல்லது. அது எந்த இரவில் வானத்தின் எந்த இடத்தில் இருக்கும், எவ்வளவு வேகமாக நகரும் என்பதை நாசாவின் ஹொரைசன்ஸ் சேவையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: பகுதிக்கான விண்மீன்களைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே இரண்டு வகை விண்மீன்கள் தேவை. முதலாவது, நிறமாலையில் சூரியனை மிக நெருக்கமாக ஒத்திருப்பதாக ஏற்கெனவே நன்கு சோதிக்கப்பட்டது. ஹயாடீஸ் 64, 16 சிக்னி பி, லாண்டோல்ட் பட்டியலிலுள்ள எஸ்ஏ 102-1081 ஆகியவற்றைப் பலரும் பயன்படுத்துகின்றனர். இத்தகைய விண்மீன் நம் சிறுகோளுக்கு அருகிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே, சிறுகோளுக்குப் பக்கத்தில், அதன் ஒளி கடந்துவரும் அதே அளவு காற்றைக் கடந்துவரும் சாதாரண ஜி வகை விண்மீன் ஒன்றையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். பக்கத்து விண்மீன் வளிமண்டலத்தின் நீராவியைக் கழிக்க உதவுகிறது. அந்த விண்மீனுக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள நிற வேறுபாட்டைச் சோதிக்கப்பட்ட விண்மீன் திருத்துகிறது.

பட்டியலில் சூரியனின் வகையான ஜி2 என்று குறித்திருப்பதை மட்டும் நம்பி ஒரு விண்மீனை எடுத்துக்கொண்டால், அதன் நிறமாலைச் சரிவிலுள்ள (நீலத்திலிருந்து சிவப்பை நோக்கி ஒளி கூடும் அல்லது குறையும் வீதத்திலுள்ள) சிறு வேறுபாடு முழுவதும் சிறுகோளின் கணக்கில் ஏறிவிடும். தொடக்கக் காலத்தில் எனக்கு இப்படித்தான் ஒரு சிறுகோள் இருக்க வேண்டியதைவிடச் சிவந்துபோயிற்று. காரணத்தைப் பாறையில் தேடி ஒரு வாரத்தை வீணாக்கிய பிறகே விண்மீனைச் சந்தேகித்தேன்.

படி 3: பதிவுசெய்தல்

ஹவாயின் மௌனகேயா மலையிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கியும் அதிலுள்ள ஸ்பெக்ஸ் நிறமாலைமானியும் இத்துறையில் மிகுதியாகப் பயன்படுபவை. அவற்றைத் தொலைவிலிருந்தே இணையம் வழியாக இயக்கலாம். நிறமாலைமானிக்குள் ஒளி நுழையும் குறுகிய இடைவெளியான பிளவை அடிவானத்துக்குச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள். காற்று வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு அளவு வளைப்பதால், பிளவு வேறு திசையில் இருந்தால் ஒரு முனை நிறங்கள் அதற்கு வெளியே விழுந்துவிடும். சிறுகோளைப் பிளவின் மேற்பாதியில் ஒருமுறையும் கீழ்ப்பாதியில் ஒருமுறையுமாக மாற்றி மாற்றிப் பதிவுசெய்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வானத்தின் பின்னணி ஒளி நீங்கிவிடும். அந்தப் பின்னணி விரைவாக மாறுவதால், மங்கலான சிறுகோள்களுக்குக்கூட ஒரு பதிவை 2 நிமிடங்களுக்கு மேல் நீட்டுவது வழக்கமில்லை. வெஸ்டாவுக்கு நேர்மாறான தொல்லை: கருவி நிறைவெல்லையை (அதற்கு மேல் ஒளியை அளக்க முடியாத அளவை) தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 4: நிறமாலையைப் பிரித்தெடுத்து வகுத்தல்

பிக்சல்களின் உணர்திறன் வேறுபாட்டைச் சீர்செய்து, ஆர்கான் விளக்கின் கோடுகளைக் கொண்டு அலைநீளத்தை நிர்ணயிக்கும் வேலைகளை ஸ்பெக்ஸ்டூல் மென்பொருள் பெரும்பாலும் தானே செய்துவிடும். அதன்பின் வகுத்துப் பார்க்கும்போது முதலில் 1.4, 1.9 மைக்ரான் பகுதிகளைக் கவனியுங்கள். நீராவி ஒளியை விழுங்கும் இடங்கள் அவை. அங்கே கூர்மையான பற்களோ புடைப்புகளோ தெரிந்தால் வேறு நேரத்தில் எடுத்த விண்மீன் பதிவைக் கொண்டு மீண்டும் வகுக்க வேண்டும். வெஸ்டாவின் இரண்டாவது பள்ளம் இந்த 1.9 மைக்ரானை ஒட்டியே இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது. இறுதியாக, கட்புலப் பகுதிக்கான தரவை இதனோடு ஒட்டி, 0.55 மைக்ரானில் மதிப்பு 1 ஆகுமாறு முழுவதையும் அளவுமாற்றிக்கொள்ளலாம்.

படி 5: பள்ளங்களை அளத்தல்

முதல் பள்ளத்தின் இரு கரைகளான 0.7, 1.5 மைக்ரான்களுக்கு அருகிலுள்ள மேடுகளைத் தொடும் ஒரு நேர்கோட்டை வரைந்து, நிறமாலையை அக்கோட்டால் வகுத்துவிடுங்கள். பள்ளத்தின் அடிப்பகுதியில் ஒரு பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தி அதன் தாழ்புள்ளியைக் கண்டால் அதுவே பட்டையின், அதாவது அந்தப் பள்ளத்தின், மையம். இரண்டாவது பள்ளத்துக்கும் இவ்வாறே செய்து, இரண்டாவதன் பரப்பை முதலாவதன் பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். ஆலிவின் 1 மைக்ரான் பகுதியில் மட்டும் பள்ளம் தோண்டும். பைராக்சீன் 1 மைக்ரான், 2 மைக்ரான் ஆகிய இரு பகுதிகளிலும் தோண்டும். ஆகவே இந்தப் பரப்பு விகிதம் குறையக் குறைய ஆலிவின் மிகுதி என்று பொருள்.

டன் குழுவினர் 2010இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, ஆலிவின், பைராக்சீன் இரண்டின் கூட்டில் ஆலிவினின் பங்கு 0.728 − (0.242 × பரப்பு விகிதம்). ஆனால் அது சாதாரண காண்டிரைட் எனப்படும், உருகிப் பிரியாத பழமையான விண்கற்களை அளந்து பெற்றது. வெஸ்டாவைப் போன்ற ஒரு பொருளுக்குரிய 2.5 என்ற விகிதத்தை அதில் இட்டால் 12 சதவீத ஆலிவின் என்று வெகு நம்பிக்கையோடு விடை சொல்லும். வெஸ்டாவோடு பொருந்தும் யூக்ரைட் விண்கற்களிலோ ஆலிவின் அநேகமாக இருப்பதே இல்லை. சூத்திரம் எந்தக் கற்களிலிருந்து பிறந்ததோ அந்தக் கற்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

படி 6: விண்கற்களோடு ஒப்பிடுதல்

பிரவுன் பல்கலைக்கழகத்தின் ரிலேப் தரவகத்தில் யூக்ரைட், அதோடு உறவுடைய டயோஜெனைட் ஆகிய விண்கற்களின் நிறமாலைகள் கிடைக்கின்றன. ஒப்பிடும்போது சரிவுக்குக் குறைவான மதிப்பும் பட்டை மையத்துக்குக் கூடுதல் மதிப்பும் தாருங்கள். சூரியக் காற்றும் நுண்கற்களின் மோதலும் பல சிறுகோள்களின் மேற்பரப்பைச் சிவப்பாக்கிப் பள்ளங்களையும் ஆழமிழக்கச் செய்கின்றன, ஆனால் மையங்களை அவ்வளவாக நகர்த்துவதில்லை. கல்தன்மை கொண்ட எஸ் வகைச் சிறுகோள்களின் பாறை சாதாரண காண்டிரைட்டுதானா என்ற நெடுநாள் வழக்கு இந்தச் சிவப்பினால்தான் இழுத்தடித்தது. இட்டோகாவா சிறுகோளின் துகள்களை ஹயபுசா விண்கலம் 2010இல் பூமிக்குக் கொண்டுவந்த பிறகே அது முடிவுக்கு வந்தது.

தொலைநோக்கி நேரத்துக்கு விண்ணப்பிக்கும் முன், எம்ஐடி நடத்தும் ஸ்மாஸ் தரவகத்திலிருந்து வெஸ்டாவின் நிறமாலையைத் தரவிறக்கி, ஐந்தாம் படியை மட்டும் ஒருமுறை செய்து பாருங்கள். முதல் பட்டையின் மையம் 0.93 மைக்ரானுக்கு அருகில் வராவிட்டால், நீங்கள் வரைந்த நேர்கோடு இரு மேடுகளையும் எங்கே தொடுகிறது என்பதை முதலில் சரிபாருங்கள்.