மாம்பழக் குச்சி ஐஸ்: எலுமிச்சைத் தோலை எப்போது சேர்ப்பது?

கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் மாம்பழ சீசனில் வீட்டுக்கு வீடு பழம் குவிந்து கிடக்கும். குச்சி ஐஸ் போட்டால் கொஞ்சம் காலியாகும். ஆனால் வெறும் கூழை உறைய வைத்தால் வாசனை அடங்கி, இனிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். எலுமிச்சைத் தோல் துருவல் அதைச் சரிக்கட்டும், சரியான நேரத்தில் போட்டால்.

தேவையானவை (80 மி.லி. அச்சு 6)

மாம்பழக் கூழ் 300 மி.லி., சர்க்கரை 60 கிராம், தண்ணீர் 120 மி.லி., எலுமிச்சை 1 (தோல் துருவல் ஒரு டீஸ்பூன், சாறு ஒரு டேபிள்ஸ்பூன்), உப்பு ஒரு சிட்டிகை.

செந்தூரா என்றால் இந்த அளவு சரி. பெங்களூராவில் மணம் குறைவு, அதற்குத்தான் துருவல் அதிகம் கைகொடுக்கும். அல்போன்சாவுக்கு அரை டீஸ்பூன் போதும்; அதன் வாசனையை எலுமிச்சை அமுக்கிவிடக் கூடாது. நார் உள்ள பழமானால் கூழை வடிகட்டிவிடுங்கள்.

1. துருவுவது

எலுமிச்சையை உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். வெட்டுவதற்கு முன்பே துருவிவிட வேண்டும். சாறு பிழிந்த மூடியைத் துருவ வராது, நசுங்கும். துருவியின் மிகப் பொடியான கண்ணில், ஒரே இடத்தில் இரண்டு இழுப்புக்கு மேல் வேண்டாம். நம்மூர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு. மூன்றாவது இழுப்பிலேயே வெள்ளை தெரியும். கசப்பு அந்த வெள்ளையில்தான் இருக்கிறது.

2. சர்க்கரையோடு தேய்ப்பது

முதலில் துருவல் போய்ச் சேர வேண்டிய இடம் சர்க்கரை. இரண்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டு விரல் நுனியால் இரண்டு நிமிடம் தேயுங்கள். மணமெல்லாம் தோலில் உள்ள எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. சர்க்கரைப் பரல் உரசும்போது அவை உடைந்து, எண்ணெய் சர்க்கரையில் ஏறும். ஈர மணல் மாதிரி ஒட்டிக்கொண்டு லேசாக நிறம் மாறினால் போதும். கையை மோந்து பார்த்தாலே தெரியும்.

3. அடுப்பை அணைத்த பிறகு

தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து அந்தச் சர்க்கரையில் ஊற்றிக் கலக்கி மூடுங்கள். துருவலைப் போட்டுக் கொதிக்க வைத்தால் அந்த எண்ணெய் ஆவியோடு போய்விடும். அடுப்படி மணக்கும், ஐஸ் மணக்காது. பத்து நிமிடம் ஊறட்டும். மூடியின் உள்பக்கம் நிற்கும் நீர்த்துளியிலும் மணம் உண்டு, அதையும் உள்ளேயே தட்டிவிடுங்கள். பிறகு வடிகட்டுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கசக்கும்.

4. கலந்து உறைய வைப்பது

பாகு நன்றாக ஆறியதும் கூழ், உப்பு, கடைசியாக எலுமிச்சைச் சாறு. ருசி பார்க்கும்போது இனிப்பும் மணமும் ஒரு சுற்று தூக்கலாக இருக்க வேண்டும், குளிரில் இரண்டும் குறையும். இனிப்பு போதவில்லை என்று சர்க்கரையை அள்ளிப் போட்டால் ஐஸ் இறுகாது, இழுத்தால் குச்சி மட்டும் கழன்று வரும்.

அச்சின் மேலே அரை சென்டிமீட்டர் விட்டு ஊற்றுங்கள். அச்சு இல்லையா, சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் கலவை கெட்டியாகும்போது குச்சி செருகுங்கள்.

ஐஸில் துருவல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பவர்கள் புதிதாகத் துருவிய கால் டீஸ்பூனை ஆறு அச்சுக்கும் பங்கிட்டு, குச்சி செருகும் முன் கிளறிவிடலாம். ஆரம்பத்திலேயே போட்டால் எல்லாம் மேலே மிதந்து குச்சிப் பக்கம் ஒரே திட்டாக உறைந்துவிடும், கடைசிக் கடி வெறும் தோல்தான்.

ஃப்ரீசரில் எட்டு மணி நேரம். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜானால் ராத்திரி வைத்துக் காலையில் பாருங்கள், நடுவில் திறக்காதீர்கள். எடுக்கும்போது அச்சை வெளிப்பக்கமாகப் பதினைந்து விநாடி குழாய்த் தண்ணீரில் காட்டி, குச்சியைத் திருகாமல் நேராக இழுங்கள்.