பழைய ஆடியோ செட்டிலிருந்து பாகம் எடுப்பது எப்படி: கழற்றும் முன் எழுதுங்கள்

நான் முதன்முதலில் பிரித்தது ஒரு டபுள் டெக் டேப் ரிக்கார்டர். முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு தகர டப்பாவில் போட்டு, புதையல் சேர்த்த தெம்பில் மூடி வைத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு பவர் சப்ளை செய்யலாம் என்று திறந்தபோதுதான் வினை தெரிந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் ஏழு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. எதில் எத்தனை வோல்ட் வரும்? தெரியவில்லை. அந்த ஒயர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில், போர்டிலேயே வோல்ட் அச்சிட்டிருந்தது. அந்தப் போர்டைத்தான் முதல் நாளே குப்பையில் போட்டிருந்தேன்.

அதனால் இங்கே கழற்றும் வித்தையைவிட, கழற்றுவதற்கு முன் பார்த்து எழுதும் வேலைக்குத்தான் அதிக இடம்.

எந்த செட்டைப் பிரிக்கலாம்?

ஓடுகிற செட்டைத் தொடாதீர்கள். பெல்ட் மட்டும் போன டெக், வால்யூம் திருப்பினால் கரகரக்கும் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ரிப்பேருக்குப் போக வேண்டியவை. வால்வு ரேடியோ கிடைத்தால் அதையும் அப்படியே வையுங்கள். உள்ளே 200 வோல்டைத் தாண்டி டிசி இருக்கும், தவிர அதை உயிர்ப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் எங்காவது இருப்பார்கள்.

மற்றதைத் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து கனமாக இழுத்தால் உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு அதுதான் நல்ல செட். எடையே இல்லாத பிந்தைய கால செட் என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஸ்விட்சிங் பவர் சப்ளை. 230 வோல்ட் ஏசி அதற்குள் நேராக டிசியாக மாறி, ஒரு கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு நிற்கும். அந்தப் போர்டை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மேசையில் வேண்டியவை: மல்டிமீட்டர், 25 முதல் 40 வாட் வரையிலான சால்டரிங் அயர்ன், சால்டரிங் ஈயம், பேஸ்ட் (ஈயம் நன்றாகப் பரவ உதவும் ஃப்ளக்ஸ்), ஈயம் உறிஞ்சும் பம்ப், மூக்குக் குறடு, கட்டர், இரண்டு அளவில் ஸ்டார் திருப்புளி, 1 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. பிறகு மாஸ்கிங் டேப், பேனா. இந்தக் கடைசி இரண்டும் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

முதலில் கெப்பாசிட்டரைக் காலி செய்யுங்கள்

பிளக்கைப் பிடுங்கியதும் கரண்ட் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் தடிமனாக நிற்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் (பழைய மெக்கானிக்குகள் வாயில் இன்னும் கண்டென்சர்தான்) அப்படி நினைக்காது. 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று எழுதிய ஒன்றை நான் திருப்புளியால் ஷார்ட் செய்தேன். துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். திருப்புளி முனையில் விழுந்த குழி இன்றும் இருக்கிறது.

சரியான வழி இதுதான். ரெசிஸ்டரை மூக்குக் குறடால் பிடித்து, கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே அரை நிமிடம் வைத்திருங்கள். பிறகு மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்தால் 1 வோல்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை அளங்கள். காலியான கெப்பாசிட்டரிலும் கொஞ்சம் வோல்ட் தானாக ஏறும்.

இப்போது நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். ஒயர் நிறம் தெரிய வேண்டும், போர்டில் அச்சிட்ட எழுத்து படிக்க வரவேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர்: நேரம் செலவிட வேண்டிய இடம்

செட்டிலேயே மதிப்புள்ள பாகம் இதுதான். ஒயரை வெட்டும் முன், ஒவ்வொன்றும் போர்டில் எங்கே போகிறது என்று பாருங்கள். போன இடத்தில் வோல்ட் அச்சிட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டரே ஒரு துப்பு. அதில் 25 வோல்ட் என்று எழுதியிருந்தால் டிசி அதற்குக் கீழேதான். 12 வோல்ட் ஏசியை பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நாலு டையோடு) வழியாக விட்டால் 15, 16 வோல்ட் டிசி கிடைக்கும். அதற்கு 25 வோல்ட் கெப்பாசிட்டர் போடுவது வழக்கம்.

ஒயர்களை முடிந்தவரை நீளமாக விட்டு வெட்டுங்கள். மெயின் ஒயர், ஃபியூஸ், ஸ்விட்ச் வழியாக வந்து சேரும் இரண்டும் பிரைமரி, போர்டுக்குக் குறைந்த வோல்ட் கொடுக்கும் மற்றவை செகண்டரி. வெட்டியவுடனே, அடுத்த ஒயரைத் தொடும் முன், அதில் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

பிறகு ஓம் அளவு. சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரி பத்துக்கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ ஓம் காட்டும். செகண்டரி ஒன்றிரண்டு ஓம்தான். இவ்வளவு சின்ன அளவில் மீட்டர் ஒயரே 0.2, 0.3 ஓம் சேர்த்துவிடும். முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மூன்று ஒயர் இருந்து, இரண்டு சிவப்புக்கு நடுவே 2.4 ஓம், சிவப்புக்கும் கறுப்புக்கும் 1.2 ஓம் வந்தால் கறுப்புதான் சென்டர் டேப், அதாவது காயிலின் நடுவிலிருந்து வெளியே எடுத்த ஒயர். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே, பிரைமரிக்கும் இரும்புக்கும் நடுவே எதுவுமே காட்டக்கூடாது. காட்டினால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் பழைய இரும்புக் கணக்கில் போகட்டும்.

கடைசி சோதனைக்கு மெயின் கரண்ட் வேண்டும். அதில் பழக்கமில்லை என்றால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரைமரியோடு 40 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸாகப் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு எரியாமலோ லேசாக மினுக்கிவிட்டோ நின்றால் நல்லது, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே காயில் ஷார்ட். நல்லதென்று தெரிந்தபின் பிளக்கைப் பிடுங்கி, பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து, செகண்டரியை ஏசி வோல்ட்டில் அளக்கலாம். லோடு இல்லாததால் 12 வோல்ட் காயில் 13, 14 கூடக் காட்டும்.

எவ்வளவு ஆம்பியர் தாங்கும்? இரும்புத் தகடு அடுக்கை ஸ்கேலால் அளந்தால் தோராயமாகத் தெரியும். அந்த அடுக்கின் நடுக்கால் காயிலுக்குள் மறைந்திருக்கும். சாதாரண சதுர டிரான்ஸ்ஃபார்மரில் வெளிக்காலின் அகலம் நடுக்காலில் பாதி, ஆகவே அதை இரண்டால் பெருக்குங்கள். அதை அடுக்கின் தடிமனால் பெருக்கினால் சதுர சென்டிமீட்டர். வெளிக்கால் 1 சென்டிமீட்டர், தடிமன் 2.5 என்றால் பரப்பு 5. அதை 1.15-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 19 வாட். கொஞ்சம் குறைத்து 18 வாட் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்டில் ஒன்றரை ஆம்பியர். இதையெல்லாம் டேப்பில் எழுதி டிரான்ஸ்ஃபார்மரின் முதுகிலேயே ஒட்டுங்கள். தனி நோட்டில் எழுதினால் நோட்டு தொலையும்.

ஹீட் சிங்கும் அதில் உட்கார்ந்திருப்பவையும்

பவர் டிரான்சிஸ்டர், டிடிஏ2030 போன்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி, 7812 போன்ற ரெகுலேட்டர் எல்லாம் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகட்டில், அதாவது ஹீட் சிங்கில், திருகியிருக்கும். முதலில் அந்தத் திருகைக் கழற்றுங்கள். கழற்றாமல் சால்டரிங் அயர்னை வைத்தால் சூட்டையெல்லாம் அலுமினியம் குடித்துவிடும், ஈயம் இளகாது.

பழைய ஈயம் மங்கிச் சாம்பல் நிறமாகியிருக்கும். அதன் மேல் துளி பேஸ்ட் தடவி, புது ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து இளக்குங்கள். எடுக்க வந்த இடத்தில் எதற்கு ஈயம் சேர்ப்பது என்று தோன்றும். செய்து பாருங்கள்: மந்தமாக இருந்த முத்து சட்டென்று பளபளத்துக் குளம்போல் பரவும். அந்த நொடியில் பம்பை வைத்து உறிஞ்சுங்கள். காலை மூக்குக் குறடால் லேசாக அசைத்து, ஓட்டையில் ஆடினால் அது விட்டுவிட்டது. ஆடாவிட்டால் இழுக்காதீர்கள், மறுபடி ஈயம் வைத்து உறிஞ்சுங்கள். போர்டில் செம்புத் தடம் பெயர்ந்தால் கவலை வேண்டாம், நமக்கு வேண்டியது பாகம்தான்.

டிரான்சிஸ்டருக்கு அடியில் கண்ணாடிபோல் மெல்லிய மைக்காத் தகடும், திருகில் ஒரு பிளாஸ்டிக் வாஷரும் இருக்கும். டிரான்சிஸ்டரோடு சேர்த்து ஒரே கவரில் போடுங்கள். மைக்காவுக்குப் பதில் வெள்ளை செராமிக் தகடு இருந்தால் அதை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. சில பழையவை பெரிலியம் ஆக்சைடால் ஆனவை, அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம்.

மற்றவை, சுருக்கமாக

வால்யூம் கண்ட்ரோலை நாப்போடும் நட்டோடும் எடுங்கள். அது லாகா (திருப்பத் திருப்ப ஓம் சமமாக ஏறாதது) லீனியரா (சமமாக ஏறுவது) என்று அறிய, பாதி திருப்பி நடுக்காலை ஓரக்காலோடு அளங்கள், பிறகு மற்ற ஓரக்காலோடு. இரண்டும் ஏறக்குறைய சமமென்றால் லீனியர், பெரிய வித்தியாசம் வந்தால் லாக்.

ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் மீட்டரில் 6, 7 தான் காட்டும். அது பழுதல்ல. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ், அங்கே சிவப்புப் புள்ளி வையுங்கள். டேப் டெக் மோட்டாருக்குள் வேகத்தைச் சீராக வைக்கும் குட்டிப் போர்டு ஒன்று இருப்பது சகஜம். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் அது போய்விடலாம், எனவே கழற்றும்போதே ஒயர் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1என்4007 டையோடுகள், ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், ஆர்சிஏ சாக்கெட், ரேடியோ பகுதியில் ஃபெரைட் ராடு (உள் ஆன்டெனா), கேங் கண்டென்சர் (ஸ்டேஷன் மாற்றத் திருப்புவது) எல்லாம் எடுக்கலாம். சிடி பிளேயர் என்றால் லேசர் பகுதிக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கவே வேண்டாம். அதன் கதிர் 780 நானோமீட்டர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாமலே கண்ணைக் கெடுக்கும்.

கால் வாட் ரெசிஸ்டர்களைக் கழற்றுவது என் பார்வையில் வீண் வேலை. காலும் குட்டையாகிவிடும், நேரமும் போகும். பழைய எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரையும் நான் நம்புவதில்லை, வருடக்கணக்கில் சூட்டில் உள்ளே காய்ந்திருக்கும். தலை உப்பியதும் அடியில் கசிந்ததும் நேராக வெளியே. பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் மட்டும், அளந்து சரியாக இருந்தால், பரிசோதனை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மிச்சப் போர்டை மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். செம்புக்காக ஒயரைக் கொளுத்தாதீர்கள். பழைய ஈயத்தில் உண்மையாகவே காரீயம் இருக்கிறது, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆனால் போர்டு கைவிட்டுப் போகும் முன் ஒரு வாரம் பொறுங்கள், ஏதாவது ஒரு ஒயர் எங்கே போனது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் செய்து பார்க்க ஒன்று: அந்த 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நாலு டையோடு, ஃபில்டர் கெப்பாசிட்டர், ஹீட் சிங்க். எல்எம்317 (வோல்ட்டை மாற்றிக்கொள்ள முடிகிற ரெகுலேட்டர் ஐசி) ஒன்றும் இரண்டு ரெசிஸ்டரும் மட்டும் புதிதாக வாங்கினால், 1.25 வோல்டிலிருந்து 12 வோல்ட் வரை திருப்பிக்கொள்ளும் பவர் சப்ளை கிடைக்கும். திருப்ப, டெக்கில் எடுத்த 5 கிலோஓம் லீனியர் கண்ட்ரோல் இருந்தால் அதுவே போதும். 1என்4007 ஒரு ஆம்பியருக்குத்தான், அதனால் இந்த சப்ளையில் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்காதீர்கள்.