அறுவைச் சிகிச்சை நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுத்துவிடுவதே நல்லது என்று மருத்துவர் சொன்னதும், நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் எந்த ஆஸ்பத்திரி என்பதுதான். அறுவை செய்யப்போகிறவர் யார் என்பது பல நேரங்களில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போதுதான் தெரியவருகிறது. மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம் வழங்கும் என்.ஏ.பி.எச். தரச்சான்று, மருத்துவமனையின் நடைமுறைகளுக்கும் வசதிகளுக்கும் தரப்படுவது. முதல்வர் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இருப்பதும் மருத்துவமனைக்கு உரிய தகுதியே. கத்தியைக் கையில் எடுக்கப்போகிறவர் என்ன படித்தார், இந்த அறுவையில் எவ்வளவு பழகியவர் என்பதை இவை சொல்வதில்லை.

சற்று விவரம் தெரிந்தவர்கள்கூட, பெயருக்குப் பின்னால் நீளும் எழுத்துகளை எண்ணிப் பார்த்து நிறைவடைந்துவிடுகிறார்கள். மருத்துவச் சீட்டில் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எஃப்.எம்.ஏ.எஸ்., எஃப்.ஐ.ஏ.ஜி.இ.எஸ். என்று வரிசையாக இருந்தால், அவற்றில் முதல் இரண்டே பல்கலைக்கழகப் பட்டங்கள். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு மூன்றாண்டு முழுநேரப் பயிற்சியில் பெறுவது எம்.எஸ். பட்டம், தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி.யும் அதற்கு இணையானது. அதன்மேல் இன்னும் மூன்றாண்டு படித்துப் பெறும் உயர் சிறப்புப் பட்டம் எம்.சிஎச். சீட்டிலுள்ள எஃப்.எம்.ஏ.எஸ்., எஃப்.ஐ.ஏ.ஜி.இ.எஸ். இரண்டும் மருத்துவர் சங்கங்கள் குறுகிய காலப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிறகு தரும் அங்கீகாரங்கள். அவை பயனற்றவை அல்ல. ஆனால் மூன்றாண்டுப் படிப்போடு ஒரே வரிசையில் வைத்து எண்ணத்தக்கவையும் அல்ல. சீனியர் கன்சல்டன்ட், சீஃப் சர்ஜன், டைரக்டர் என்பன மருத்துவமனை கொடுக்கும் பதவிப் பெயர்கள் மட்டுமே.

எம்.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டதும் நின்றுவிடுவதும் சரியன்று. எலும்பு, கண், காது மூக்கு தொண்டை என ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி எம்.எஸ். உண்டு. ஆயுர்வேதத்திலும் எம்.எஸ். பட்டம் உண்டு, அப்பட்டப்படிப்பில் 58 வகை அறுவைகளுக்குப் பயிற்சி அளிக்க 2020 நவம்பரில் வெளியான மத்திய அரசிதழ் அறிவிக்கை இடம் தந்தது. எது வேண்டும் என்பது நோயாளியின் விருப்பம், ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைத் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சி என்று எழுதியிருந்தால், அது நேரில் அறுவை செய்து கற்ற ஃபெலோஷிப்பா, அருகில் நின்று பார்த்துவிட்டு வந்த அப்சர்வர்ஷிப்பா என்று கேட்கலாம். பிரிட்டனில் நிபுணராகப் பணியாற்றியவர் என்றால், அந்நாட்டுப் பொது மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்க முடியும்.

நம் நாட்டிலும் இவ்வசதி உண்டு, பயன்படுத்துவோர்தான் குறைவு. மருத்துவச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அந்த எண்ணைக் கொண்டு, தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலுள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டிலோ மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டிலோ தேடலாம். பெயரை மட்டும் கொண்டு தேடுவது வீண்வேலை. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்; தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும்; ஒரு கிருஷ்ணமூர்த்தியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது நமக்குத் தெரியும். எண்ணும் மாநிலமும் சரியாக இருந்தால், படித்த பல்கலைக்கழகமும் தேர்ச்சி பெற்ற ஆண்டும் அதில் வந்து நிற்கும். ஆனால் மேற்பட்டம் அங்கே காணப்படவில்லை என்றால் உடனே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூடுதல் தகுதியைத் தனியே விண்ணப்பித்துப் பதிய வேண்டும். அதில் தாமதம் நேர்வதுண்டு. மருத்துவரிடமோ கவுன்சில் அலுவலகத்திலோ கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

பதிவேடு பட்டத்தைச் சொல்லும், கைப்பழக்கத்தைச் சொல்லாது. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டின் கீழ் அறுவைச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 4,74,000 முதியோரின் தரவுகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, குறிப்பிட்ட அறுவையை அடிக்கடி செய்யும் மருத்துவரிடம் இறப்பு விகிதம் குறைவு என்று காட்டியது. கணைய அறுவையில் அந்த வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. ஆகவே எத்தனை வருட அனுபவம் என்று கேட்பதைவிட, இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று கேட்பதே பயன் தரும். சாதாரணப் பித்தப்பைக் கல்லுக்கு எம்.சிஎச். படித்தவர்தான் வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. வாரந்தோறும் அதைச் செய்துவரும் பொது அறுவைச் சிகிச்சை நிபுணர் போதும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி, வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்கு மாறவேண்டி வந்ததுண்டா, பித்தநாளத்தில் காயம் ஏற்பட்டால் யார் சரிசெய்வார், நோயாளியை எங்கே அனுப்புவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். என் கையில் ஒரு சிக்கலும் வந்ததே இல்லை என்ற பதிலைவிட, உள்ளே உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தால் வயிற்றைத் திறந்துவிடுவேன், அதற்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்குகிறேன் என்ற பதிலே எனக்கு நம்பிக்கை தருகிறது. திறந்த அறுவைக்கு மாறுவது பல சமயம் தோல்வி அன்று, நிதானம்.

மாவட்டத் தலைநகரங்களிலும் சிறு நகரங்களிலும் மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ குறிப்பிட்ட கிழமைகளில் வந்து அறுவை செய்துவிட்டு அன்றிரவே திரும்பும் நிபுணர்கள் உண்டு. அதில் தவறேதும் இல்லை. ஆனால் மறுநாள் காய்ச்சலோ இரத்தக் கசிவோ ஏற்பட்டால் யார் வந்து பார்ப்பார் என்று முன்கூட்டியே கேளாதிருப்பது தவறு. மயக்க மருந்து கொடுப்பவர் அத்துறையில் பட்டமோ பட்டயமோ பெற்றவரா என்பதும் இதே கேள்வியோடு சேர்த்துக் கேட்க வேண்டியது.

அழகு சார்ந்த சிகிச்சைகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். முடி மாற்று சிகிச்சை ஆபரேஷனா என்ன என்ற அலட்சியத்தில், விளம்பரத்தையும் தவணைச் சலுகையையும் பார்த்துப் போகிறவர்கள் ஏராளம். பயிலரங்குகளிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது இதற்குப் போதிய பயிற்சி ஆகாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையமே வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. இணையத்தில் காணப்படும் ஐந்து நட்சத்திர மதிப்பீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரவேற்பறையின் கனிவையும் வண்டி நிறுத்த இடம் கிடைத்ததையும் பாராட்டுபவை அவற்றில் பல.

மேலே சொன்ன விசாரணையெல்லாம் நாள் குறித்துச் செய்யும் அறுவைகளுக்கே பொருந்தும். குடல்வால் வெடித்துவிட்டாலோ, விபத்தில் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தாலோ, பதிவேட்டைத் தேடிக்கொண்டு கைப்பேசியோடு நிற்பதுதான் தவறு. அருகிலுள்ள அறுவை அரங்கத்தில் அப்போது பணியிலிருக்கும் மருத்துவரிடம் உடனே ஒப்படைக்க வேண்டும்.