ஆட்டோ கியர் எண்ணெயைக் கேட்டு மாற்றுங்கள்
ஆட்டோ கியர் காரைச் சர்வீசுக்கு விடும் முன், கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கென உள்ள அட்டவணையைத் திறந்து, கியர் எண்ணெயை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எந்த வகை எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று பார்த்து, இரண்டையும் பணிச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கார் வாங்கிய நிலையமே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. வழக்கமான சர்வீஸில் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய்தான் மாறும். கியர் எண்ணெய் தனிக் கட்டண வேலை என்பதால், நாம் கேட்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் விடுபட்டுப் போகலாம்.

கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் நின்று நின்று ஊர்வதும், கெந்திங் மலையேற்றமும், கோலாலம்பூர் வெயிலும் கடுமையான பயன்பாட்டில்தான் சேரும். அந்தச் சூட்டில் எண்ணெய் மெல்ல மெல்லச் சிதைந்து, கியர்பெட்டியின் உட்பாகங்களைக் காக்கும் திறனை இழக்கிறது. சிவப்பாக ஊற்றப்பட்ட எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடையோடு வடிந்தால், அதை மாற்றும் காலம் எப்போதோ கடந்துவிட்டது. ‘வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை’ என்று சர்வீஸ் நிலைய முகப்பில் இருப்பவர் சொன்னாலும், கையேட்டையே நம்புங்கள்.

கியர் ஏற்கெனவே வழுக்கினாலோ உதறினாலோ இந்தக் குறிப்பு உதவாது. புதிய எண்ணெய் கியர்பெட்டிக்குள் தேய்ந்துபோன தகடுகளைச் சரிசெய்யாது என்பதால், கியர்பெட்டி பழுதுபார்ப்பவரிடம் முதலில் காட்டுங்கள்.