எம்எஃப்ஐ சோதனையில் எண் சரியாக வர

பாலிமர் அறிவியலில் சான்றிதழ் படிப்பு எங்கே சேர்ந்தாலும் ஆய்வகத்தில் மெல்ட் ஃப்ளோ இன்டெக்ஸ் (எம்எஃப்ஐ) சோதனையைச் செய்யாமல் வெளியே வர முடியாது. உருகிய பிளாஸ்டிக், குறிப்பிட்ட சூட்டிலும் மேலே ஏற்றும் எடையிலும், ஒரு சிறு துளை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. கருவியை இயக்க அரை நாளில் பழகிவிடலாம். ஆனால் ஒரே மூட்டையிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் குருணைக்கு ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 13 என்று வரும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது பேரலை, அதாவது பிளாஸ்டிக் உருகும் குழாயைத் துடைத்த விதத்தையும் குருணையை அடைத்த விதத்தையும். கருவியைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகுதான்.

எண் எதைச் சொல்கிறது? மூலக்கூறுச் சங்கிலி நீளமாக இருந்தால் உருகல் கெட்டியாக இருக்கும், எம்எஃப்ஐ குறையும். இந்த உறவு மிகக் கூர்மையானது. உருகலின் பாகுத்தன்மை மூலக்கூறு எடையின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். மூலக்கூறு எடை 10 சதவீதம் குறைந்தால் பாகுத்தன்மை சுமார் 30 சதவீதம் விழுந்துவிடும். அதனால்தான் சாக்குப் பை நாடாவுக்கான பிபி (பாலிப்ரொப்பிலீன்) 3-ஐ ஒட்டியும், வாளி வார்க்கும் பிபி 10, 12-ஐ ஒட்டியும், நெய்யாத துணிக்கான பிபி 25-க்கு மேலும் இருக்கிறது.

சூடும் எடையும்

பாலிஎத்திலீனுக்கு 190 டிகிரி செல்சியஸ், 2.16 கிலோ. பிபி-க்கு 230 டிகிரி, அதே 2.16 கிலோ. பாலிஸ்டைரீனுக்கு 200 டிகிரி, 5 கிலோ. ஏபிஎஸ்-க்கு 220 டிகிரி, 10 கிலோ. பாலிகார்பனேட்டுக்கு 300 டிகிரி, 1.2 கிலோ. குழாய்க்கான ஹெச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) 2.16 கிலோவில் அசையவே அசையாது. அதற்கு 190 டிகிரியில் 5 கிலோ போடுவார்கள். சூட்டையும் எடையையும் எழுதாமல் எம்எஃப்ஐ-யை மட்டும் எழுதினால் அந்த எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.

பேரலின் அடியில் உருகல் இறங்கும் துளையுள்ள துண்டுதான் டை. அதன் துளை 2.095 மி.மீ., நீளம் 8 மி.மீ. இந்தத் துளையில் நூறில் ஒரு பங்கு மி.மீ. தேய்ந்தாலும் எண் கூடும். ஓட்டம் துளை விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும் மேலாக ஏறுவதே காரணம். கோ, நோ-கோ கேஜை (ஒரு முனை நுழைய வேண்டிய, மறுமுனை நுழையக் கூடாத அளவுக் கம்பி) மாதம் ஒருமுறையாவது நுழைத்துப் பாருங்கள். டையை ஒருபோதும் இரும்பு ஆணியால் குத்த வேண்டாம்.

செய்முறை

பேரல் சூடேறி, டையும் பிஸ்டனும் உள்ளே இருந்தபடி குறைந்தது 15 நிமிடம் நிலைக்கட்டும். பிஸ்டனை வெளியே வைத்துவிட்டுக் கடைசியில் நுழைத்தால் அது உருகலின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், முதல் துண்டுகள் எடை குறைந்து வரும்.

எதிர்பார்க்கும் எம்எஃப்ஐ 1-க்குக் கீழ் என்றால் சுமார் 3 கிராம் குருணை போதும், 3.5-க்கு மேல் என்றால் 4 முதல் 8 கிராம். சிறு புனலால் நான்கைந்து தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அடைக்கும் கம்பியால் அழுத்துங்கள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மொத்தமாகக் கொட்டி ஒரே அழுத்தாக அழுத்தினால் குருணைகளுக்கு இடையே காற்று சிக்கும், டையிலிருந்து வரும் இழையில் முத்து முத்தாகக் குமிழி தெரியும். குமிழியுள்ள துண்டை எடை போடவே கூடாது.

பிஸ்டனை வைத்து, ஏஎஸ்டிஎம் டி1238 தரமுறையில் 7 நிமிடம், ஐஎஸ்ஓ 1133 தரமுறையில் 5 நிமிடம் சூடாக விடுங்கள். 10-க்கு மேல் எண்ணுள்ள சரக்கு இந்த நேரத்திலேயே ஒழுகித் தீர்ந்துவிடும். அதற்கு டையின் அடியில் அடைப்பானை வைத்து, முழு எடையைக் கடைசியில் ஏற்றுங்கள்.

பிஸ்டனில் இரண்டு கோடுகள் இருக்கும். கீழ்க்கோடு பேரல் வாய்க்கு வரும்வரை இறங்கும் உருகலை வெட்டி எறிந்துவிட வேண்டும். அளவு அங்கிருந்து தொடங்கி மேல்கோட்டோடு முடிகிறது.

வெட்டும் இடைவெளி எம்எஃப்ஐ-யைப் பொறுத்தது: 1-க்குக் கீழ் 6 நிமிடம், 1 முதல் 3.5 வரை 3 நிமிடம், 3.5 முதல் 10 வரை 1 நிமிடம், 10 முதல் 25 வரை 30 விநாடி. 30 விநாடி வெட்டில் கை அரை விநாடி பிசகினால் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் போய்விடும். நிற்காமல், தயங்காமல், டையின் முகத்தை உரசியபடி ஒரே இழுப்பில் வெட்டிப் பழகுங்கள். துண்டுகள் ஆறியபின் மில்லிகிராம் காட்டும் தராசில் ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டும்.

ஒரு பிபி கணக்கு. 30 விநாடித் துண்டுகள் 0.581, 0.584, 0.580, 0.583, 0.582 கிராம். சராசரி 0.582. பத்து நிமிடத்தில் இருபது 30 விநாடி, ஆகவே 0.582 × 20 = 11.64. அறிக்கையில் 11.6, 230 டிகிரி, 2.16 கிலோ என்று எழுதுங்கள். பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் இடையே சராசரியில் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தத் தொகுதியை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும்.

துண்டுகளே சொல்லும் குறை

சராசரி எடுக்கும் முன் துண்டுகளை வரிசையாக மேசையில் அடுக்கிப் பாருங்கள். எடை துண்டுக்குத் துண்டு ஏறிக்கொண்டே போனால் சங்கிலி அறுந்துகொண்டிருக்கிறது. பாலிகார்பனேட்டில் இதற்கு ஈரம்தான் பெரும்பாலும் காரணம். அதை 120 டிகிரியில் 3, 4 மணி நேரம் உலர்த்தி, ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் உடனே சோதிக்க வேண்டும். திறந்த தட்டில் மேசைமேல் வைத்தால் அது மறுபடி ஈரம் குடிக்கும். பாலிஎத்திலீன் ஈரம் குடிப்பதில்லை, அதை உலர்த்தத் தேவையில்லை.

மறுசுழற்சிச் சரக்கில் ஒன்றைக் கவனியுங்கள். பிபி-யைத் திரும்பத் திரும்ப உருக்கினால் சங்கிலி அறுந்து எண் ஏறும். பாலிஎத்திலீன் பல நேரம் எதிர்த்திசையில் போகும். சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து எண் இறங்கும். இரண்டும் கலந்து வந்த மூட்டையில் ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் மறைத்து, சரக்கு நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடலாம். இப்படிச் சந்தேகம் வந்தால் டிஎஸ்சி (சூடேற்றி உருகுநிலையைக் காட்டும் வெப்பச் சோதனை) எடுத்து உருகுநிலையையும் பாருங்கள்.

ஒரே எம்எஃப்ஐ உள்ள இரண்டு கிரேடு மோல்டிங் மெஷினில் வேறு வேறாக நடப்பதும் உண்டு. இந்தச் சோதனையில் உருகல் மெதுவாக நகர்கிறது, மோல்டிங்கில் பல மடங்கு வேகத்தில் பாய்கிறது. 21.6 கிலோவிலும் 2.16 கிலோவிலும் அளந்து வகுத்துப் பார்த்தால் சங்கிலி நீளங்கள் எவ்வளவு விரவியிருக்கின்றன என்பது ஓரளவு தெரியும்.

துடைப்பது

சூடு இருக்கும்போதே துடைக்க வேண்டும். மீதி உருகலைத் தள்ளிவிட்டு, பிஸ்டனைப் பருத்தித் துணியால் வழித்து, பேரலுக்குள் துணி சுற்றிய கம்பியை இரண்டு மூன்று தடவை செலுத்துங்கள். வெளியே வரும் கடைசித் துணி வெள்ளையாக இருக்க வேண்டும். பாலிகார்பனேட் ஆறினால் இரும்பை விடாமல் பற்றிக்கொள்ளும். அணைக்கும் முன் பாலிஎத்திலீனை ஓட்டி வெளியேற்றிவிடுங்கள். பிவிசி-யை இந்தப் பேரலில் போடவே வேண்டாம். இந்தச் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும், பேரல் சுவரும் டையும் அரித்துப்போகும். கைக்குத் தோல் கையுறை, மேலே புகைபோக்கி. 300 டிகிரியில் வேலை செய்யும்போது இரண்டும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.